பனையங்குடியில் படம் மிக நன்று

பனையங்குடிக்கு டெலிவிஷன் பெட்டி வந்து இறங்கியது 1978 ஆவணியில். அப்போது தமிழ்நாட்டில் இருந்த டெலிவிஷன் நிலையம் ஒன்றே ஒன்று. அது சென்னையில் இருந்தது. பனையங்குடியோ காரைக்குடியிலிருந்து ஆறு மைல் உள்ளே தள்ளி, ராமநாதபுரம் ஜில்லாவின் தண்ணீர் இல்லாத பக்கத்தில் இருந்தது. சென்னையில் காட்டுகிற படம் செங்கல்பட்டைத் தாண்டினால் களைத்துப் படுத்துவிடும் என்பது ரேடியோக் கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். சமுதாயத் தொலைக்காட்சிப் பரப்புத் துறைக்கு மட்டும் தெரியாது. தெரிந்துகொள்வது அந்தத் துறையின் வேலையும் அல்ல. அதன் வேலை பரப்புவது.

எந்த ஊராட்சியில் ரேடியோ ரூம் இருக்கிறதோ அந்த ஊராட்சிக்கு ஒரு பெட்டி என்று உத்தரவு. பனையங்குடியில் ரேடியோ ரூம் இருந்தது. காலையும் சாயங்காலமும் ரேடியோவைத் திருகி, விவசாயச் செய்தி முடிந்ததும் பூட்டிக்கொண்டு போக, பதினோரு வருஷமாக ஒரு தற்காலிக ஆபரேட்டரும் இருந்தான். அவன் பெயர் பொன்னழகு. இந்தத் 'தற்காலிக' என்ற சொல் அவன் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"பதினோரு வருசமா நானும் தற்காலிகமாத்தான் ஒங்ககூடக் குடித்தனம் பண்ணுறேன்" என்பாள் அவன் மனைவி நாகவல்லி. "ஒங்களுக்கு ஆர்டர் வந்தா எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க. எங்க அப்பா வீட்டுச் சுவத்துல மாட்டி வைக்கணும்."

அதனால் பெட்டியோடு வந்த முப்பத்திரண்டு பக்க விதிமுறையில் பொன்னழகு கண்ணை நிறுத்திய இடம் ஒன்றே ஒன்றுதான். தொடர்ந்து முந்நூறு நாள், துறையிலிருந்து ஒரு கண்டனமும் இல்லாமல் பார்வைப் பதிவேட்டைப் பராமரிக்கும் ஆபரேட்டர் நிரந்தரம் செய்யப்படுவார். அதை அவன் நாகவல்லிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினான். மூன்றாவது தடவை அவளே கேட்டாள்.

திறப்பு விழாவுக்கு மதுரையிலிருந்து துணை இயக்குநர் ஞானசம்பந்தம் ஜீப்பில் வந்தார். மைக் பிடித்தால் விடாத மனிதர்.

"படம் வராத ஊருக்கு எதற்குப் பெட்டி என்று சிலர் கேட்கிறார்கள்" என்றார். "நான் அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன். பெட்டியே இல்லாத ஊருக்குப் படம் எப்படி வரும்? தொட்டில் கட்டினால் பிள்ளை பிறந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாளைக்குப் பிள்ளை பிறந்தால், தொட்டில் கட்டியது எங்கள் துறைதான் என்பதை யாரும் மறுக்க முடியாது."

பஞ்சாயத்துத் தலைவர் பெரியகருப்பன் அம்பலம் கைதட்டினார். தலைவர் தட்டினால் ஊரும் தட்டியாக வேண்டும். தட்டியது.

மறுநாள் சாயங்காலம் ஆறரைக்குப் பொன்னழகு பெட்டியைத் திறந்தான். 'ஸ்ஸ்' என்ற இரைச்சலோடு புள்ளி புள்ளியாகக் கொதித்தது. வேறொன்றும் இல்லை. எட்டரை வரைக்கும் பார்த்துவிட்டு, பதிவேட்டைத் திறந்தான். மொத்தம் பதினோரு கட்டம். மூன்றாவது கட்டம் 'நிலையம்'. அதில் 'சென்னை' என்று அச்சடித்தே வந்திருந்தது. ஐந்தாவது, பார்த்தவர்கள் எண்ணிக்கை. ஏழாவது, காட்சியின் தெளிவு: மிக நன்று, நன்று, சுமார், இந்த மூன்றில் ஒன்றுக்கு டிக் போட வேண்டும். ஒன்பதாவது, பொதுமக்கள் கருத்து, அவர்கள் சொன்னபடியே.

அவன் அப்போது விவரமில்லாதவன். ஏழாவது கட்டத்தின் ஓரத்தில், 'படம் வரவில்லை. புள்ளிகள் மட்டும்' என்று உண்மையை எழுதித் தொலைத்தான்.

பத்தாம் நாள் சிவப்பு மையில் பதில் வந்தது. 'கட்டத்தில் இல்லாத விடையை எழுதியது ஏன்? விளக்கம் தருக.' விளக்கம் தந்தான், அடுத்த நாளிலிருந்து 'சுமார்' என்று டிக் போட்டான். அதற்கும் வந்தது. 'அரசுப் பெட்டி சுமாராகத் தெரிவதற்கு ஆபரேட்டர் எடுத்த நடவடிக்கை என்ன? ஆண்டெனாவைப் பத்தடி உயர்த்துக.' ரேடியோ ரூம் மொட்டை மாடியில் இரும்புக் குழாயை நட்டுப் பத்தடி உயர்த்தினான். புள்ளி அப்படியே இருந்தது. ஆனால் பத்தடி உயர்த்தியும் சுமார் என்று எழுதினால் அந்தப் பத்தடி எதற்கு என்று கேட்பார்களே. 'நன்று' போட்டான். 'நன்று என்பதை மிக நன்று ஆக்க இன்னும் இருபதடி உயர்த்துக' என்று வந்தது.

இருபதடிக் குழாய் காற்றுக்கு நிற்காது. ஊரில் அத்தனை உயரத்துக்கு ஒரே மரம்தான் இருந்தது. கிருஷ்ண ஜெயந்திக்கு உறியடி முடிந்ததும் நடுவார்களே, வழுக்குமரம், அது. முப்பத்தைந்தடி. பட்டை உரித்து, இழைத்து, வருஷக்கணக்காக விளக்கெண்ணெயும் கற்றாழைச் சோறும் குடித்துக் குடித்து, ஈ உட்கார்ந்தாலும் சறுக்கும். அந்த வருஷத் திருவிழா முடிந்து சும்மா கிடந்ததைப் பெரியகருப்பன் அம்பலம் ஊரைக் கேட்டு வாங்கிக் கொடுத்தார். ஊர் ஒரு நிபந்தனை போட்டது. அது கோயில் மரம்; அமாவாசைக்கு அமாவாசை எண்ணெய் தடவுவது வழக்கம்; டெலிவிஷனுக்காக வழக்கத்தை விட முடியாது.

இத்தனை வருஷத்தில் அதன் உச்சியைத் தொட்டவன் மருது ஒருத்தன்தான். ஆத்தங்குடியில் தரைக்கல் ஊற்றுகிறவன். சிமெண்டில் ஊறிய உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். மாடியில் நட்ட மரத்தில் அவன் ஏறி ஆண்டெனாவைக் கட்டினான். இறங்கும்போது வழக்கப்படி எண்ணெய் தடவிக்கொண்டே இறங்கினான். ஆக, அரசாங்கத்தின் ஆண்டெனாவுக்குப் போக மருதுவைத் தவிர உலகத்தில் வேறு வழி இல்லாமல் போயிற்று.

அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒரு கேள்வி வந்தது.

"மெட்ராஸ் எங்குட்டு இருக்கு?" என்று மேலேயிருந்து கேட்டான் மருது.

"இதென்னடா கேள்வி. மெட்ராஸ் ரயில் எங்குட்டுப் போகுதோ அங்குட்டு" என்றார் அம்பலம்.

காரைக்குடியில் ஏறினால் மெட்ராஸ் ரயில் புதுக்கோட்டையைப் பார்த்து வடமேற்கே போகும். அங்கேயே ஆண்டெனாவைத் திருப்பினார்கள். ரயில் திருச்சியில் திரும்பிக்கொள்ளும், ஆண்டெனா திரும்பாது என்பது யாருக்கும் தோன்றவில்லை. துறைக்கு அனுப்பிய வரைபடத்தில் தண்டவாளத்தையும் போட்டிருந்ததால் உடனே ஒப்புதல் கிடைத்தது. வழுக்குமரமும் 'ஆண்டெனாக் கம்பம், மரம், ஒன்று' என்று இருப்புப் புத்தகத்தில் ஏறியது.

ஐப்பசி இரண்டாம் தேதி பொன்னழகு 'மிக நன்று' என்று டிக் போட்டான். பத்து நாளாயிற்று. இருபது நாளாயிற்று. சிவப்பு மை வரவில்லை. அவனுக்கு அப்போதுதான் சூட்சுமம் பிடிபட்டது. மிக நன்றுக்கு மேலே துறையிடம் கேள்வி கிடையாது. அன்றைக்கு வீட்டுச் சுவரில் கரித்துண்டால், ஐப்பசி இரண்டிலிருந்து நாளுக்கு ஒன்றாகச் சேர்த்துக் கோடு போட்டான். முந்நூறு கோடு வர வேண்டும்.

பார்க்க ஆள் வந்ததா என்றால், வந்தது. அக்கம்மாளும் இன்னும் பத்துப் பதினைந்து பெண்களும் புளியை முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து உட்கார்ந்து கொட்டை எடுப்பார்கள். வீட்டில் சிம்னி விளக்கு. இங்கே வெளிச்சம் தாராளம். பதினைந்து பேரைப் பொன்னழகு ஐம்பது என்று எழுதுவான். ஐம்பதுக்குக் கீழே போனால் விளக்கம் கேட்பார்கள். கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடந்த அந்த வருஷத்தில் பெட்டிக்குள் கொதிக்கிற புள்ளியை அந்தப் பெண்கள் மழை என்றே வைத்துக்கொண்டார்கள்.

"இன்னைக்கு வலுவாத்தான் பிடிச்சிருக்கு" என்பாள் அக்கம்மாள். "கம்மாயிலதான் பெய்யல. பெட்டியிலயாச்சும் பெய்யட்டும்."

"கருத்து சொல்லுங்கக்கா, எழுதணும்" என்பான் பொன்னழகு.

"வெளிச்சம் நல்லாருக்குன்னு எழுதிக்க."

எழுதிக்கொள்வான். அது உண்மைதானே. பதினோரு கட்டத்தில் ஒரு கட்டமாவது உண்மையாக இருக்கிறதென்று அவனுக்கு ஒரு நிம்மதி. நாகவல்லியிடம்கூடப் பெருமையாகச் சொல்வான். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

தை மாதம் ஞானசம்பந்தம் ஆய்வுக்கு வந்தார். பொன்னழகின் சுவரில் நூறு கோடு தாண்டியிருந்த நேரம்; பெட்டியைப் பார்த்தால் எல்லாம் போச்சு. ஆனால் அவன் துறையைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. துணை இயக்குநர் பூட்டை இழுத்துப் பார்த்தார், மரத்தை அண்ணாந்து பார்த்தார், பதிவேட்டில் பக்கத்தை எண்ணினார். அம்பலம் எடுத்துப் போட்ட நாற்காலியில் பொதுமக்களைப் பார்த்து உட்கார்ந்தார். பெட்டி அவர் முதுகுக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்தில் அவர் ஒரு தடவையும் திரும்பவில்லை.

"இந்தப் பெட்டியால் உங்களுக்கு என்னம்மா பயன்?" என்று அக்கம்மாளைக் கேட்டார்.

"புளி எடுக்கத் தோதா இருக்கு சாமி."

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் ஞானசம்பந்தம். "தொலைக்காட்சி வழியாக மகளிர் சுயதொழில். நான் பல ஊர்களில் பார்த்துவிட்டேன், மக்கள் படத்தைப் பார்க்கிறார்கள், வேலையை விட்டுவிடுகிறார்கள். இங்கே அந்தக் குறை இல்லை. படம் இவர்களுடைய கவனத்தைச் சிறிதும் கலைக்கவில்லை. இதுதான் எங்கள் துறையின் லட்சியம்."

ஆடி வந்தது. இருநூற்றுத் தொண்ணூற்றோராவது கோட்டுக்கு உரிய நாள். பகல் முழுக்க அம்மியை நகர்த்துகிற காற்று அடித்து, மாடியில் ஆண்டெனா கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. சாயங்காலம் காற்று ஒடுங்கிப் புழுக்கம் தாங்கவில்லை. ஆறரைக்குப் பொன்னழகு பெட்டியைத் திறந்தான். இரைச்சல் இல்லை. பெட்டிக்குள் ஒரு பெண் நின்று பாடிக்கொண்டிருந்தாள்.

பெண்கள் முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பெட்டியை எட்டிப் பார்த்தார்கள்.

"மழ நின்னு போச்சே" என்றாள் அக்கம்மாள்.

பொன்னழகு வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தான். காற்று ஆண்டெனாவைத் தென்கிழக்கே, கடல் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தது. இலங்கையில் அந்த வருஷம்தான் டெலிவிஷன் ஆரம்பித்திருந்தார்கள். கடலுக்கு மேலே அன்றைக்கு என்ன நடந்ததோ, அந்தப் படம் தப்பித் தவறிப் பனையங்குடிக்கு வந்துவிட்டது. கடற்கரையைக் காட்டினார்கள். பிஸ்கட்டைக் காட்டினார்கள். ஒருத்தர் தமிழில் வணக்கம் சொன்னார். அக்கம்மாள் புளிக் கையோடு எழுந்து திருப்பி வணக்கம் சொன்னாள். பொன்னழகின் கண்ணில் தண்ணீர் முட்டியது. பெட்டி வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, அதில் படம் தெரியும் என்று அவனே மறந்திருந்தான். முக்கால் மணி நேரத்துக்குள் ஊரே வந்து வாசலை அடைத்தது. எட்டு மணி ஆனபோது, மறுபடி பாட வந்த அந்தப் பெண் மெல்ல மெல்ல மழைக்குள் கரைந்து போனாள். பதிவேட்டில் அவனுக்கு எழுத ஒன்றும் புதிதாகக் கிடைக்கவில்லை. மிக நன்றை ஏற்கெனவே இருநூற்றுத் தொண்ணூறு தடவை செலவழித்திருந்தான்.

மறுநாள் படம் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு தடவை பார்த்த ஊர் சும்மா இருக்குமா? அந்த வட்டாரத்தில் ஏதாவது ஓர் ஊரின் கண்மாய்க் கரையில் துறை டெலிவிஷன் டவர் வைக்கப்போவதாக ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்தது. 'எங்கள் ஊரில் படம் வருவதே இல்லை. காற்றுக்கு ஆண்டெனா திரும்பி ஒரே ஒரு நாள் இலங்கைப் படம் வந்தது. டவரை எங்களுக்கே வைக்க வேண்டும்' என்று மனுப் போட அம்பலம் முடிவு செய்தார். இருநூற்றுப் பதினாலு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். மனுவை எழுதிக் கொடுக்க ஊரில் நல்ல கையெழுத்து உள்ளவன் பொன்னழகு ஒருத்தன்தான். அம்பலம் சொல்லச் சொல்ல, தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிறோம் என்று தெரிந்தே முத்து முத்தாக எழுதினான்.

முந்நூறாவது கோடு போட்ட மறுநாள் மதுரைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

பஸ்ஸில் போகும்போதே பொன்னழகு உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்துவிட்டான். திருப்பத்தூர் வருவதற்குள் இரண்டு தடவை முடிவு செய்தான். சிங்கம்புணரியில் மாமனார் வீட்டுத் தெரு முனையைப் பஸ் தாண்டியபோது கொஞ்சம் ஆட்டம் கண்டது. மேலூரில் மறுபடி முடிவு செய்தான்.

ஞானசம்பந்தத்தின் மேஜையில் மனு ஒரு பக்கம், பதிவேடு ஒரு பக்கம், இரண்டிலும் ஒரே கையெழுத்து. நடுவில் இன்னொரு காகிதம் கவிழ்ந்து கிடந்தது.

"ஐயா, அந்தப் படம்..." என்று ஆரம்பித்தான் பொன்னழகு.

"இருங்கள், நான் முடித்துக்கொள்கிறேன். இருநூற்றுப் பதினாலு பேர் படம் வரவில்லை என்கிறார்கள். ஒரே ஒரு ஆபரேட்டர் முந்நூறு நாளும் படம் மிக நன்று என்கிறார். நான் யாரை நம்புவது? அந்த இருநூற்றுப் பதினாலு பேர் பொய் சொல்லலாம், அவர்களுக்கு வேலை போகாது. அரசு ஊழியன் பொய் சொல்ல மாட்டான், ஏனென்றால் அவனுக்கு வேலை போகும். படம் நன்றாகத் தெரிகிற ஊரில் டவர் வைத்தால் கணக்குத் தணிக்கைக்காரன் என்னை அந்த டவரிலேயே தொங்கவிடுவான். அதுவும் போக, உங்கள் பதிவேட்டை நம்பி நான் ஏழு அறிக்கை எழுதியிருக்கிறேன். ஏழும் மேலே பாராட்டு வாங்கியிருக்கின்றன. உண்மை எதுவென்று நீங்களே யோசித்துச் சொல்லுங்கள். எனக்கு எதுவானாலும் சம்மதம்."

சொல்லிவிட்டு நடுவில் கிடந்த காகிதத்தை நிமிர்த்தி வைத்தார். நிரந்தர உத்தரவு. 'தற்காலிக' என்ற சொல் இல்லாமல் தன் பெயரைப் பொன்னழகு முதல்முதலாக அச்சில் பார்த்தான். பெயர் சின்னதாக, மொட்டையாகத் தெரிந்தது. பதிவேடே சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். எழுத்து முத்து முத்தாகவே வந்தது. அதுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"நல்லது" என்றார் ஞானசம்பந்தம். "மனுவில் ஒன்று மட்டும் கவலைக்குரியது. அரசு ஆண்டெனா வெளிநாட்டைப் பார்த்து நிற்கிறது. உடனே தண்டவாளத்தின் பக்கம் திருப்பி இரும்புப் பட்டை போட்டுக் கட்டுங்கள். நிரந்தர ஊழியராக இது உங்கள் முதல் கடமை."

கிருஷ்ண ஜெயந்தி அன்று காலையில் அவன் ஊர் வந்து சேர்ந்தபோது கோயில் வாசலில் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். திருவிழாவுக்கு மரத்தைத் திருப்பிக் கேட்டு அம்பலம் எழுதியதற்குப் பதில் வந்திருந்தது. 'அரசு இருப்பில் உள்ள பொருளைத் தெய்வத்துக்கு இரவல் தர விதியில்லை.'

"மரந்தான் போச்சு. டவரு என்னாச்சுப்பா?" என்றார் அம்பலம்.

"வேற ஊருக்குப் போயிருச்சு."

"ஏனாம்?"

"நம்ம ஊர்ல படம் நல்லாத் தெரியுதாம்."

"எந்தப் பய சொன்னான்?"

பொன்னழகின் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த உத்தரவு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதை முதலில் பார்த்தவன் மருது.

"ஆண்டெனாவக் கொஞ்சம் திருப்பணும் மருது" என்றான் பொன்னழகு.

"நான் எந்த ஆர்டர்ல இருக்கேன்?" என்றான் மருது. "ஆர்டர் வாங்குனவுக ஏறட்டும்."

வேறு வழி இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு நிரந்தர ஆபரேட்டர் பொன்னழகு வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, இரும்புப் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் மரத்தைக் கட்டிப் பிடித்தான். ஆறடி ஏறினான், ஏழடி இறங்கினான் என்றுதான் சொல்ல வேண்டும், அப்படி வந்து விழுந்தான். மறுபடி ஏறினான். வருஷக்கணக்கான விளக்கெண்ணெய் அவன் நெஞ்சிலும் வயிற்றிலும் இழைந்தது. கீழே தெருவில் ஒருத்தர் சிரித்தார். அப்புறம் கொட்டுக்காரர் வந்தார். வழுக்குமரம் ஏறுகிறவன்மேல் மஞ்சத்தண்ணீர் ஊற்றுவது வழக்கம் என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. அந்த வறட்சியிலும் தண்ணீர் வந்தது. ஏணியில் ஏறி வந்து முதல் குடத்தை ஊற்றியவள் நாகவல்லி.

"நீயுமாடி?" என்றான் பொன்னழகு, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நிரந்தரமா இருக்கட்டும்னு ஊத்துனேன்" என்றாள் அவள். சிரித்தாளா அழுதாளா என்று மஞ்சத்தண்ணீருக்குள் அவனுக்குத் தெரியவில்லை.

ஆறு மணி வரைக்கும் ஏறினான். பாதியைத் தாண்டவில்லை. ஆண்டெனா தென்கிழக்கிலேயே நின்றது. ஒவ்வொரு தடவை அவன் சறுக்கும்போதும் ஊர் ஒரே குரலாய் 'ஓ'வென்றது; கடைசியில் பொன்னழகுக்கே சிரிப்பு வந்து, கை விட்டு, முழுதாக வழிந்து மாடியில் உட்கார்ந்தான்.

அன்றைக்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. எண்ணெயும் மஞ்சளும் சொட்ட அவன் பதிவேட்டைத் திறந்தான். பார்த்தவர்கள் எண்ணிக்கையை முதல்தடவையாகத் தலைகளை எண்ணி எழுதினான்: மனுவில் ஒப்பம் வைத்த இருநூற்றுப் பதினாலு பேரும், நாகவல்லியும், ஆக இருநூற்றுப் பதினைந்து. தெளிவு: மிக நன்று. ஒன்பதாவது கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தான்.

"கருத்து சொல்லுங்கக்கா."

அக்கம்மாள் முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பியிருந்தாள். நின்று, அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாளைக்கும் ஏறுவியா தம்பி?"

விதிப்படி, அவள் சொன்னபடியே எழுதிக்கொண்டான்.